ஓடப் போனவள்

என் கணவருக்குச் சர்க்கரை வந்ததால்தான் நான் ஓட ஆரம்பித்தேன். இப்படிச் சொன்னதும் பலர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இன்றும் நன்றாக இருக்கிறார்.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். பெண்ணைக் கட்டிக்கொடுத்து பம்பாய்க்கு அனுப்பியாகிவிட்டது. நான் சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஹிந்தி டியூஷன் எடுத்தேன். என் கணவர் தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற கையோடு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். தினமும் காலையில் நடங்கள் என்றார் டாக்டர்.

வேலை பார்த்த காலம் முழுவதும் மற்றவர்கள் செய்ததைச் சரிபார்த்தவர் என் கணவர். தான் நடப்பதையும் யாராவது சரிபார்த்தால்தான் அது செல்லும் என்று நினைத்தார். நூலகத்தில் பழக்கமான ஒருவர் மூலம் ஒரு கோச்சைப் பிடித்தார்.

அந்தக் கோச், ராயப்பேட்டையில் ஒரு பையன்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர். உருது பேசுகிற குடும்பம், பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இளமையில் நெடுந்தூர ஓட்டக்காரர். முழங்கால் போனபிறகு மொபெட்டில் உட்கார்ந்தபடி மற்றவர்களை ஓட வைத்தார். போலீஸ் வேலைக்கு ஆசைப்படும் பையன்கள் கடற்கரையில் அவரிடம் பயிற்சி எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தோடு என் கணவரையும் சேர்த்துக்கொண்டார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்.

என் கணவர் ஒரு வாரம்கூடப் போகவில்லை. நின்றுவிட்ட அன்று விடியற்காலை எங்கள் வாசலில் விசில் சத்தம் கேட்டது. மாடியில் விளக்கு எரிந்தது. இவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"வயிறு சரியில்லைன்னு சொல்லிடு."

போய்ச் சொன்னேன். மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் விசில். ஒரு தூரத்து உறவினரைச் சாகடித்தேன். அதற்கடுத்த நாள் அமாவாசை என்றேன். அதற்கும் ஒரு தலையாட்டல். சில நாள் கழித்து மறுபடியும் அமாவாசை என்றேன். எனக்கே நினைவில்லை, வாயில் வந்துவிட்டது.

"மாமி, உங்க வூட்ல மாசத்துக்கு எத்தினி அமாவாசை வருது?" என்றார் மாஸ்டர்.

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"சார் வரமாட்டாரு. அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க டெய்லி டயத்துக்கு எந்திரிச்சி வந்து பொய் சொல்றீங்களே. அந்த நேரத்துக்குத் தெருமுனை வரைக்கும் ஓடிட்டு வந்துடலாமே?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உள்ளே டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹவாய் செருப்போடு தெருமுனை வரை ஓடினேன். அப்போது எனக்கு ஐம்பத்தோரு வயது. கடைசியாக ஓடியது பெண்ணின் பள்ளி நாட்களில், ரிக்‌ஷாவில் அவள் விட்டுப்போன சாப்பாட்டுக் கூடைக்குப் பின்னால்.

திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண் முன்னால் பூச்சி பறந்தது. மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"நாளைக்கு ஷூ போட்டுக்கினு வாங்க," என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பாண்டி பஜாரில் செருப்புக் கடைக்காரர்கள் யாரிடமும் பெண்களுக்கான ஓட்ட ஷூ இல்லை. இருந்ததெல்லாம் பையன்கள் டிரில் வகுப்புக்குப் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ். ஒன்றை எடுத்து அளவு பார்க்கக் காலில் நுழைத்தேன்.

"பையனுக்காம்மா? பையனையே கூட்டிட்டு வந்துடுங்களேன்," என்றார் கடைக்காரர்.

"பையனுக்கும் என் அளவுதான்," என்றேன். எனக்குப் பையன் கிடையாது.

புடவையோடு ஓடுவது சரிப்படவில்லை. பெண் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த சல்வார் கமீஸ்கள் பெட்டியில் கிடந்தன. அவளுக்குத் தொளதொளவென்று இருந்ததெல்லாம் எனக்கு இறுக்கிப் பிடித்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் கணவர் பேப்பருக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"யாராத்துக்குக் கிளம்பிண்டிருக்கே?" என்றார். பிறகு தலையங்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

மாஸ்டரின் பயிற்சியில் ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. மெதுவாக ஓட வேண்டும். நான் மெதுவாக என்று நினைத்தது அவருக்கு வேகமாக இருந்தது. மொபெட்டை எனக்குப் பக்கத்தில் உருட்டினாற்போல ஓட்டிக்கொண்டு, "ஸ்லோ மாமி, இன்னும் ஸ்லோ. இன்னா அவசரம், அடுப்புல பால் கீதா?" என்பார். இன்னும் மெதுவாக ஓடினால் நின்றுவிடுவேனே என்றேன். "நிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பீடு கீது. அதான் உங்க ஸ்பீடு," என்றார்.

அந்த வேகத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தபோது, கையில் காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் நடந்தே என்னைத் தாண்டிப் போனார். தாண்டியவர் திரும்பிப் பார்த்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று விசாரித்தார்.

மாஸ்டர் தனக்குள் உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். 'கச்சுவா' என்ற வார்த்தை காதில் விழுந்தது. ஆமை. நான் ஹிந்தி டியூஷன் எடுப்பவள் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கேட்காதவள் மாதிரி ஓடினேன். ஒருநாள் பொறுக்கவில்லை.

"கதையில ஆமைதான் ஜெயிச்சுது, மாஸ்டர்."

மொபெட் ஒரு குலுங்கு குலுங்கியது. "அது கதை," என்றார். அதன்பிறகு தமிழிலேயே முணுமுணுத்தார்.

மெதுவாக ஓடுகிறேனா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஓடும்போது பேசிக்கொண்டே வரவேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். என்ன பேசுவது என்று கேட்டேன். எதுவேணா பேசுங்க என்றார். முதலில் ஸ்லோகம் சொல்லிப் பார்த்தேன். மனப்பாடமானது தானாகவே ஓடிவிடுகிறது, அது செல்லாது என்றார். அதனால் வீட்டு விஷயங்களைப் பேச ஆரம்பித்தேன். குடிநீர் லாரி வராதது, மாடி வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரம், பெண்ணின் மாமியார். கிரீன்வேஸ் சாலை வரை ஓட்டம் நீண்டபோது பேச்சும் நீண்டது. என் கல்யாணத்தில் என் அப்பாவுக்கும் மாமனாருக்கும் நடந்த சண்டை, வேலைக்குப் போக உத்தரவு வந்தும் நான் போகாமல் இருந்தது, இரண்டாவது குழந்தை தங்காமல் போனது. இதையெல்லாம் என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. இருட்டில், பக்கத்தில் மொபெட் சத்தத்துக்கு நடுவே, முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

மாஸ்டர் ஒன்றுக்கும் பதில் சொல்லமாட்டார். எவ்வளவு நாசூக்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள், "நான் சொன்னேனே அந்த வேலை விஷயம், நீங்க என்ன நினைக்கறேள்?" என்று கேட்டேன்.

"எந்த வேலை?"

"நேத்து முழுக்கச் சொன்னேனே!"

"மாமி, நீங்க சொல்றது எதையும் நான் கேக்கறதில்ல. மூச்சை மட்டும்தான் கேப்பேன்," என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "நேத்து மூச்சு நல்லா இருந்துது," என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து நிம்மதியாகவும் இருந்தது. இன்னும் சொல்லாமல் வைத்திருந்ததையும் அதற்குப்பிறகு சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் வராத நாட்களில் தனியாக ஓடுவேன். ஒரு விடிகாலை ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது என்னைத் தாண்டிய பஸ் ஒன்று சட்டென்று நின்றது. அங்கே ஸ்டாப்பே கிடையாது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வா வா, மெதுவா வா, உனக்காகத்தான் நிறுத்திக்கினு கீறோம்," என்று கூப்பிட்டார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பூக்காரிகள் எனக்காக நகர்ந்து இடம்கூட விட்டுவிட்டார்கள். இத்தனை பேரிடம் நான் பஸ்ஸுக்காக ஓடவில்லை என்று எப்படிச் சொல்வது? ஏறிவிட்டேன். நல்லவேளை, பால் கார்டோடு கொஞ்சம் சில்லறை வைத்திருந்தேன். லஸ் முனையில் இறங்கி, பஸ் கண்ணிலிருந்து மறையும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்குத் திரும்ப ஓடினேன்.

மாஸ்டருக்கு நடந்தது இதைவிட மோசம். இருட்டில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடுகிறாள். பக்கத்திலேயே மொபெட்டில் ஓர் ஆள் அவளை விடாமல் தொடர்கிறான். பார்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பால் பூத் வரிசையில் நின்றவர்களுக்குத் தோன்றியது. இரண்டு பேர் ஓடிவந்து வண்டியின் சாவியைப் பிடுங்கினார்கள்.

"இன்னா நைனா, காலங்காத்தால வயசான லேடீஸ துரத்திக்கினு வர?"

வயசான என்ற வார்த்தையை நான் கவனித்தேன். மாஸ்டர் பேசுவதற்காக விசிலை வாயிலிருந்து எடுக்கக்கூட அவர்கள் விடவில்லை. அதனால் அவர் பதில் சொல்ல முயன்ற ஒவ்வொரு முறையும் விசில்தான் அடித்தது. அதில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"விடுங்கோ, அவர் என் கோச்!" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. "வாத்தியார்! எனக்குச் சொல்லிக்கொடுக்கற வாத்தியார்!"

"இன்னா சொல்லிக்குடுக்கறாரு?"

"ஓட."

சாவி பிடுங்கியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு ட்யூஷனா?" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டார். வரிசையில் தன் இடம் போய்விடுமே என்று எல்லோரும் திரும்பிப் போனார்கள். மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "பாருங்க, கத்தினதுல மூச்சு ஏறிடுச்சு. கொஞ்சம் நடங்க," என்றார்.

இவ்வளவு நாளும் நான் ஓடுவது உறவுக்காரர்களுக்குத் தெரியாது. மறைத்தேன் என்றில்லை. யாரும் கேட்கவில்லை. என் நாத்தனார் மேற்கு மாம்பலத்தில் இருந்தாள். என் கணவரின் ஒரே அக்கா. ஒருநாள் காலை அவள் போன் செய்திருக்கிறாள். இவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்திருக்கிறார். அடுப்பில் பாலை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் போயிருந்தேன்.

"அவ எங்கேடா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஓடப் போயிருக்கா."

கொரகொர என்ற அந்த லைனில் அவள் காதில் விழுந்தது, ஓடிப் போயிருக்கா.

"ஐயோ! யாரோடடா?"

"மாஸ்டரோட."

"எந்த மாஸ்டர்?"

"ராயப்பேட்டை பி.டி. மாஸ்டர். இரு, பால் பொங்கறது," என்று போனை வைத்துவிட்டார்.

நான் வியர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. நாத்தனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கணவர் எதிரே நின்று, "அக்கா, நீ எதுக்கு அழறேன்னு சொன்னாத்தானே தெரியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். சல்வார் கமீஸ், பையன் ஷூ, ஈரத் தலை.

"திரும்பி வந்துட்டியா?" என்றாள்.

"தினமும் இந்த நேரத்துக்கு வந்துடுவேனே," என்றேன்.

அவள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள். விஷயம் தெளிவாவதற்கு இரண்டு காபி ஆயிற்று. தெளிவானதும் அவளுக்குத் தம்பிமேல் கோபம். அவரோ தான் சொன்னதில் எந்தச் சொல் பொய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எதுவுமே பொய்யில்லை. கிளம்பும்போது நாத்தனார் என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "வயிறு குறையறதாடி?" என்று கேட்டாள்.

அதன்பிறகு எனக்கு ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. மாஸ்டர் தூரத்தைக் கூட்டினார். அடையாறு பாலம், பிறகு திருவான்மியூர், பிறகு பாலவாக்கம். பாலவாக்கம் வரை ஓடிவிட்டால் திரும்பி வரத் தெம்பிருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் முதல் பஸ்ஸில் போய் அங்கே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பார். கையில் நீர்மோர் பாட்டில், துண்டு, பேப்பர். பஸ் பிடிக்க நடை, நான் வரத் தாமதமானால் என்னைத் தேடிக்கொண்டு எதிர்த் திசையில் நடை. ஆறு மாதம் கழித்து டாக்டர் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது, யாரிடம் பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவர் மாஸ்டர் பேரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மெட்ராஸ் சென்னையான வருஷம், ஒரு சங்கம் பொதுமக்களுக்கு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் வைத்தது. கலங்கரை விளக்கத்தில் தொடங்கி பாலவாக்கம் போய்த் திரும்ப வேண்டும். மாஸ்டர் என்னைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டார். அன்று காலை நம்பர் எழுதிய துணியை வாங்கப் போனோம். அங்கிருந்த பையன் அதை நேராக என் கணவரின் மார்பில் வைத்துக் குத்தப் போனான். அவர் இரண்டடி பின்வாங்கி, "நானில்லை, நானில்லை," என்று என்னை முன்னால் தள்ளினார்.

மொபெட்டுக்கு அனுமதி இல்லாததால் மாஸ்டர் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிட்டார். துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் பறந்தார்கள். நான் என் வேகத்தில் போனேன். கொஞ்ச நேரத்தில் சாலையில் நான் மட்டும் இருந்தேன். எனக்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ், என் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் வரவேண்டும் என்று அதற்கு உத்தரவு.

அடையாறு வரை டிரைவர் பொறுமையாக இருந்தார். அப்புறம் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"யம்மா, ஏறிக்கோயேன். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கோ."

"உங்களுக்கு அவசரம்னா நீங்க போங்கோ."

"நீ போனாத்தான நான் போக முடியும்? இன்னும் நாஷ்டா துன்னல," என்றார்.

பாலவாக்கத்தில் என் கணவர் வழக்கமான இடத்தில் இருந்தார். எனக்கு மோர் கொடுத்துவிட்டு, டிரைவருக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அதன்பிறகு டிரைவர் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். திரும்பும்போது அடையாறு பாலத்தில் என் வலது கெண்டைக்கால் கட்டையாக இறுகிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஆற்றின் வாசனையும் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து வைத்தார். உள்ளே கட்டிலில் வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. என் வாழ்நாளில் ஒரு நகையையோ புடவையையோ அந்த விரிப்பைப் பார்த்ததுபோலப் பார்த்ததில்லை.

என்னை எழுப்பியது மன உறுதி என்று சொல்ல ஆசைதான். அதுவரை உள்ளே தூங்கிக்கொண்டு வந்த ஆண் நர்ஸ் ஒருவர் விழித்துக்கொண்டு, கடைசியில் ஒரு கேஸ் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பெரிய பஞ்சுச் சுருளோடு இறங்கி வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு ஆர்வம். பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். நின்றதும் கால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நொண்டினேன், நடந்தேன், பிறகு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர்கள் நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோட்டு அலங்கார வளைவில் பாதியைக் கழற்றியாகிவிட்டது. மீதிப் பாதிக்குக் கீழே மாஸ்டர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டேன், மாஸ்டர்."

"கடைசில கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்தி," என்றார். பிறகு விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியைப் பந்தல்காரரிடமிருந்து வாங்கி எனக்குப் போட்டார். சங்கத்தார் சான்றிதழை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதாகையில் மெட்ராஸ், சான்றிதழில் சென்னை. எத்தனையாவதாக வந்தேன் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பாலவாக்கத்திலிருந்து பஸ்ஸில் எனக்கு முன்பே வந்துவிட்ட என் கணவருக்குப் பக்கத்தில், கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண் தூக்குப்பாத்திரத்தோடு நின்றாள். மாஸ்டரின் மனைவி. அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "சேமியா பாயசம், அக்கா. பாத்திரம் புதுசு, கறி தொடாதது," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். தனக்குச் சர்க்கரை இருப்பதை என் கணவர் சொன்னபோது இரண்டாவது தம்ளர் காலியாகியிருந்தது.

நான் குடித்து முடிக்கும்வரை அவள் என் ஷூவையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதா, அக்கா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன் சிரிக்கிறீங்க?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இருவது வருஷமா யார் யாரையோ ஓட வெக்கிறீங்க. போலீஸ் பசங்கோ, இந்த சாரு, இந்த அக்கா. என்னை ஒரு நாளு கேட்டீங்களா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கையை விரித்தேன். "நீ சொல்லவே இல்லியே," என்றார் அவளிடம்.

"இவங்க சொன்னாங்களா?" என்றாள் அவள்.

மாஸ்டர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு வாரம் எனக்குப் படியிறங்க முடியவில்லை. வாசற்படி மூன்றையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன். அடுத்த திங்கட்கிழமை மொபெட் வந்து நின்றபோது அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தன் பெண்ணுடைய ஷூ என்று காலைக் காட்டினாள். மாஸ்டர் மெதுவாகப் போவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம். கிரீன்வேஸ் சாலை வருவதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போயிருந்தாள்.